நீலப் படகுக்கு ஐந்து நட்சத்திரம்

என் அப்பாவைப் பற்றி யாரோ எழுதி நான் முதன்முதலாகப் படித்தது என் கைபேசியில்தான். ரேஷன் அட்டையில் அவர் பெயர் இருக்கிறது, வாக்காளர் அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லவில்லை. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து எழுதியதைச் சொல்கிறேன்.

"புளூ கலர் போட் அங்கிள் வேற லெவல். பொறுமையா எல்லாம் காட்டினார். என் பையன் தண்ணியில கையை விட்டப்போ திட்டாம சிரிச்சார். கண்டிப்பா அவர் போட்லதான் போங்க." பக்கத்தில் ஐந்து நட்சத்திரம்.

பழவேற்காடு ஏரியோரம் ஒரு குப்பம் எங்களுடையது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் வந்த பழக்கம். நைனா மூன்றாவதோடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்துக்கு மீன் கொடுக்கப் போனதோடு சரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள். உயரட்டும்.

அப்போது தமிழ் முதுகலை இரண்டாம் வருடம். ஆய்வேட்டுக்கு மற்றவர்கள் நாவலும் கவிதையும் எடுத்தார்கள். நான் சுற்றுலா போகிறவர்கள் வரைபடச் செயலியில் எழுதும் ரிவியூக்களின் மொழியை எடுத்தேன். பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுல மொழி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். "அதைத்தான் மேடம் தேடப் போறேன்" என்றேன். எங்கள் ஏரியைப் பற்றி வந்திருந்ததையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்ததற்குக் காரணம் சோம்பல்தான். அந்த இடத்தை நான் போய்ப் பார்க்க வேண்டியதில்லையே.

கல்லூரிப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். படிக்கப் படிக்க எல்லாமே ஒரே ஆள் எழுதியது போலத் தெரிந்தது. முதலில் "போனோம், பார்த்தோம், சாப்பிட்டோம்". பிறகு திடீரென்று நம் பக்கம் திரும்பி, "போங்க, மிஸ் பண்ணாதீங்க, காலையில் சீக்கிரம் கிளம்புங்க". அரை நாள் இருந்துவிட்டுப் போனவர் ஊருக்கே வழிகாட்டி ஆகிவிடுவார். பாராட்டுக்குப் பின்னால் தவறாமல் ஒரு "ஆனால்" வரும். "அருமையான இடம். ஆனால் கழிப்பறை இல்லை." "அமைதியான ஏரி. ஆனால் மீன் நாற்றம்." மீன் பிடிக்கிற ஊரில் மீன் நாற்றம்! இதைப் படித்துக் காட்டியபோது அம்மா, "பின்ன மல்லிப்பூவா நாறும்? மூக்க ஊட்ல கயட்டி வெச்சிட்டு வரச் சொல்லு" என்றாள்.

மனிதர்கள் வரும் விதம்தான் என்னை அதிகம் உறுத்தியது. "படகுகள் இயக்கப்படுகின்றன" என்று எழுதியிருப்பார்கள். யார் இயக்குகிறார்கள் என்று இருக்காது. "சுடச்சுட வறுத்த மீன் கிடைக்கும்." அந்தக் 'கிடைக்கும்' என்ற சொல்லுக்குள் என் அம்மா அடுப்புக்கு முன்னால் புகையில் உட்கார்ந்திருந்தாள். இதை ஆய்வேட்டில் ஒரு வரியாக எழுதினேன். பேராசிரியை பக்கத்தில் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை எத்தனையோ பேரிடம் காட்டியிருப்பேன்.

அப்படி ஆளே இல்லாத வாக்கியங்களுக்கு நடுவில்தான் நைனா வந்தார். சிரித்தார் என்று இருந்தது. பொறுமையாகக் காட்டினார் என்று இருந்தது. அன்று பேருந்தில் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்கு வந்து நைனாவுக்கும் படித்துக் காட்டினேன். வலையில் சிக்கியிருந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "அந்தப் பையனா? பூநாரை இன்னாத்துக்கு ஒத்தக் கால்ல நிக்குதுன்னு கேட்டுக்கினே வந்தான். சின்னதுல நீ வுட்ட மாதிரியே தண்ணில கைய வுட்டான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு வாட்டி படி" என்றார்.

படகு நீலமாக இருந்ததற்குக் காரணம் நான்தான். எங்கள் துறையில் மற்ற ஃபைபர் படகுகள் எல்லாம் வெள்ளை. ஓரத்தில் மட்டும் பச்சையோ சிவப்போ ஒரு கோடு. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் நைனா படகுக்குப் பெயின்ட் அடிக்கக் கிளம்பியபோது, "இன்னா கலரும்மா?" என்று என்னைக் கேட்டார். கல்லூரிச் சீருடையின் நீலத்தைச் சொன்னேன். பொன்னேரியில் அந்த நீலம் கிடைக்கவில்லை என்று சென்னைக்கே போய் வாங்கி வந்தார். பட்டப்படிப்பு முடித்து முதுகலைக்கு வந்தபோது எனக்குச் சீருடை இல்லை. படகில் மட்டும் அது மிச்சம் இருந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்பதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் பாடு உண்டு. இன்று நல்ல இடம் வாய்த்தவன் நாளை சுமாரான இடத்துக்கு நகர வேண்டும். கெட்டிக்காரன், சோம்பேறி, ஊர்த் தலைவரின் மருமகன் எல்லாரும் நகர வேண்டும். ஏரியை வைத்து எங்கள் ஊரில் ரத்தம் சிந்தாமல் இருப்பதற்கு இந்த ஒன்றுதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்தும் கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியபோது, சவாரிக்கும் ஊர் இதே முறையைத்தான் வைத்தது. சவாரி விடலாம், விடக்கூடாது என்று காலத்துக்கு ஒரு பேச்சு வரும். விடுகிற காலத்தில் படகுகள் துறையில் வரிசையாக நிற்கும். முதல் படகு கிளம்பினால்தான் அடுத்த படகு. வருகிறவர்களுக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்பது ஒரு கேள்வியே இல்லை.

அந்த முதல் ரிவியூவுக்குப் பிறகு இன்னொன்று வந்தது. பிறகு ஒன்று. ஒருவர் எழுதிய வார்த்தையை அடுத்தவர் எடுத்துக்கொள்வது ரிவியூக்களின் இயல்பு. இதையும் ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். முதல் ஆள் 'புளூ கலர் போட் அங்கிள்' என்றார். அடுத்தவர்கள் அதையே பெயராக்கிவிட்டார்கள். ஒருவர் நீலப் படகின் படத்தையும் போட்டார். நைனாவின் முகம் பாதி வெயிலில் இருந்தது. அந்தப் படத்தை என் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டேன்.

பிறகு துறைக்கு வருகிறவர்கள் கைபேசியை முன்னால் நீட்டிக்கொண்டே வர ஆரம்பித்தார்கள்.

ஒரு ஞாயிறு நான் அம்மாவுக்கு உதவியாகத் துறையோரத்து மீன் வறுவல் கடையில் இருந்தேன். ஒரு குடும்பம் காரிலிருந்து இறங்கியது. முதல் படகு சித்தப்பாவுடையது. நைனாவின் சொந்தச் சித்தப்பா மகன். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

"ஏறுங்கம்மா, இதான் மொத போட்டு" என்றார் சித்தப்பா.

"இல்ல, நாங்க அந்த புளூ போட்ல போறோம்" என்றார் அந்த அம்மா.

நைனா வரிசையில் கடைசிக்கு முன்னால் இருந்தார். அவரே எழுந்து வந்தார். "அவரும் நம்ப ஆளு தாம்மா. என்னவிட நல்லா காட்டுவாரு. ஏறுங்க."

"ரிவியூல உங்களப் பத்திதான் போட்டிருக்கு. நாங்க வெயிட் பண்றோம்."

நிஜமாகவே நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் வந்த இரண்டு குடும்பங்களும் இவர்களைப் பார்த்து, ஏதோ விஷயம் இருக்கிறது என்று கூடவே உட்கார்ந்துகொண்டன. வரிசை நின்றுபோனது. சித்தப்பா இஞ்சின் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு துறை முழுக்கக் கேட்கும்படி, "இன்னா அண்ணாத்தே, நீ ஈரோ ஆய்ட்ட. நாங்கள்லாம் பின்னாடி நின்னு டான்ஸு ஆடுறவனுங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ரிவியூவில் எழுதியிருந்த சிரிப்பு இல்லை.

நைனா அன்று சவாரியே ஓட்டாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். காத்திருந்தவர்கள் கோபத்தோடு போனார்கள். மறுநாள் அவர்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "இங்கே ஒரு சிண்டிகேட் நடக்கிறது. நமக்குப் பிடித்த படகில் ஏற விடமாட்டார்கள். வரிசை என்று சொல்லி மிரட்டுகிறார்கள். புளூ போட் அங்கிள் மட்டும்தான் டீசன்ட். அவரையும் ஓட்ட விடுவதில்லை. பாவம்." ஒரு நட்சத்திரம்.

முறை என்ற சொல் அவர்கள் மொழிக்குப் போனபோது சிண்டிகேட் ஆகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக யாரும் யாரையும் முந்தக் கூடாது என்று கட்டி வைத்த ஒன்று, ஒரே வார்த்தையில் ரவுடித்தனம் ஆனது. நான் அந்த ரிவியூவை ஆய்வுக் கோப்பில் சேர்த்தேன்.

அந்த வாரமே மீன் ஏலக்கூடத்தில் அம்மாவிடம் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "உம் பொண்ணு போன்ல எய்தி எய்தி உங்க போட்டுக்கு ஆள் பிடிக்கிறாளாமே?"

அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எம் பொண்ணு எம்மே படிக்கிறா. ஆள் பிடிக்கிறதுக்கு அத்தப் படிக்கணுமாடி?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். வந்தவள் என்னிடம் திரும்பி, "நெஜமா சொல்லு, நீ எதுனா எய்துனியா?" என்றாள். இல்லை என்றேன். "அம்மா மேல சத்தியமா?" என்றாள். சத்தியம் செய்தேன். அப்படிக் கேட்டாளே என்ற வலி இப்போதும் இருக்கிறது. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஊரில் எப்போதும் ரிவியூவே படித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தானே.

முறையைக் கெடுத்தவனுக்குப் பாடு கிடையாது என்பது ஊர்க் கட்டு. மழை தொடங்கி இறால் ஓடப்போகிற நேரம். சவாரி என்பது ஞாயிற்றுக்கிழமைக் கூத்து. வருடம் முழுக்க எங்களைக் காப்பாற்றுவது பாடுதான். அதை எடுத்துவிட்டால் நைனா வேறு யார் படகிலாவது கூலிக்குப் போக வேண்டும். அதுகூடப் பெரிதில்லை. துறையில் அவருக்கு நிற்க இடம் இருக்காது.

இதை விசாரிக்க ஊர்க் கூட்டம் அம்மன் கோயிலுக்கு முன்னால், ஏரிக்குப் போகாத ஒரு பிற்பகலில் நடந்தது. எங்கள் ஊரில் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. அம்மாவும் நானும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். சித்தப்பாதான் பேச்சை எடுத்தார். முடித்தபோது சொன்னார்: "அண்ணாத்த மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. எய்துறவங்கள நிறுத்தச் சொல்லுங்க."

"எம் பொண்ணு எய்தல" என்றார் நைனா. "நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அவளையே கூப்ட்டு கேளுங்க."

ஊர்த் தலைவரை நாங்கள் பெரியப்பா என்போம். அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஆண்கள் நடுவில் போய் நின்றேன். கல்லூரிக் கருத்தரங்கில் மைக் பிடித்துப் பேசியவள் நான். அங்கே வராத வியர்வை இங்கே வந்தது.

"நீ எய்துனியா?"

"இல்ல பெரியப்பா."

"அப்ப அதுல இன்னா இருக்குதுன்னு படி. ஒண்ணையும் முழுங்காம படி."

படிக்கத் தொடங்கியபோதுதான் என்ன செய்யப் போகிறேன் என்பது புரிந்தது. நைனாவைப் புகழ்ந்த வரி எதுவும் தனியாக இல்லை. ஒவ்வொன்றும் இன்னொருவரை இடித்துக்கொண்டுதான் நின்றது. "மற்றவர்கள் மாதிரி இல்லை" என்று ஒன்று. "இவர் மட்டும்தான் நம்பத்தக்கவர்" என்று ஒன்று. தனியாகப் பேருந்தில் படித்தபோது அந்த 'மட்டும்' எனக்கு இனித்திருந்தது. இங்கே அந்த மற்றவர்கள் என் முன்னால் சட்டையில்லாமல் குந்தியிருந்தார்கள். கொஞ்சம் மாற்றிப் படித்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் இருப்பதைப் படிக்கத்தான் நான் கல்லூரியில் படித்தேன். வார்த்தை மாறாமல் படித்தேன்.

"இன்னொரு படகோட்டி எதற்கும் பதில் சொல்லவில்லை. வாயில் எதையோ மென்றுகொண்டே இருந்தார். முகத்துவாரம் வரை போவதாகச் சொல்லிவிட்டுப் பாதியிலேயே திருப்பிவிட்டார். ஏமாற்று வேலை."

சித்தப்பா எழுந்துவிட்டார். "பாதியிலயா? அன்னிக்குத் தண்ணி வத்தி மேடு தட்டுச்சி! பொம்பள புள்ளைங்கள ஏத்திக்கினு போய்க் கவுக்கச் சொல்றியா?"

"நான் சொல்லல சித்தப்பா. படிக்கிறேன்."

"படிக்கிறியே, அத்த அவங்களுக்குச் சொல்றது தான?"

ரிவியூக்களில் 'ஏன்' என்ற ஒன்று இருப்பதில்லை. திருப்பினார் என்று இருக்கும். ஏன் திருப்பினார் என்று இருக்காது. கேட்டிருந்தால் சித்தப்பா சொல்லியிருப்பார். வாயில் இருந்ததைத் துப்பிவிட்டாவது சொல்லியிருப்பார்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "இதெல்லாம் இவளே எய்திட்டு இவளே படிக்கிறா. யாருக்குத் தெரியும்?"

அப்போது எனக்கு ரோஷம் வந்தது. "சரி, நான் எய்துனேன்னே வெச்சுக்குங்க. இத்தினி படிச்சேனே, இதுல எங்கனா காத்து வந்துச்சா?" என்று கேட்டேன்.

கைபேசியை அவர்கள் பக்கம் நீட்டினேன்.

"வாடைன்னு இருக்குதா? கச்சான்னு இருக்குதா? ஏரிக்குப் போய்ட்டு வந்து இன்னா காத்துன்னு சொல்லாம நம்ப ஊர்ல யாருனா வாயத் தொறப்பாங்களா? 'கிளைமேட் சூப்பர்'னு நான் எய்துவனா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். "வாஸ்தவந்தான். தண்ணி எந்தப் பக்கம் இயுக்குதுன்னு கூட ஒருத்தனும் எய்தல பாரு" என்றார் ஒரு கிழவர். அதற்கு முன்பே நான் ஆய்வேட்டில் கண்டு குறித்திருந்த விஷயம் அது. எங்கள் ஏரியைப் பற்றி அத்தனை பேர் எழுதியதில் ஒரு காற்றுக்குக்கூடப் பெயர் இல்லை. அந்தக் கூட்டத்தில் அது எனக்குச் சாட்சி சொன்னது. நான் தப்பித்தேன். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "இவ எய்தல. சரி. அத்தோட முடிஞ்சிச்சா? யார் எய்துனா இன்னா, முறை கெட்டுப் போச்சே." நைனாவைப் பார்த்தார். "உன் மேல தப்பு இல்ல. ஆனா உன் போட்டால தான் வரிச நிக்குது. அமாவாசைக்குள்ள அத்தச் சரி பண்ணு. இல்லன்னா ஊர்க் கட்டு இன்னான்னு உனக்குத் தெரியும்." பிறகு என் பக்கம்: "படிச்ச பொண்ணு தானே நீ. அத்தெல்லாம் அழிச்சிடு."

"எழுதினவங்க தான் அழிக்க முடியும் பெரியப்பா. நான் அழிக்க முடியாது."

"அப்ப இத்தினி படிச்சி இன்னாத்துக்கு?" என்றது பின்னாலிருந்து அதே குரல். இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள்.

முடியாது என்று சொன்னேனே தவிர முயன்றேன். ஒவ்வொரு ரிவியூவுக்கும் பக்கத்தில் புகார் செய்ய ஒரு வழி இருக்கிறது. என்ன குறை என்று செயலி கேட்கும்; தேர்ந்தெடுக்க வேண்டும். கெட்ட வார்த்தை, வெறுப்புப் பேச்சு, விளம்பரம், சம்பந்தமில்லாதது. 'இந்தப் பாராட்டு எங்களைக் கெடுக்கிறது' என்பதற்கு அதில் இடமில்லை. ஏதோ ஒன்றை அழுத்தி அனுப்பினேன். விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. திரும்ப அனுப்பினேன். அதே வாக்கியம் திரும்ப வந்தது. அதுவும் ஒரு மனிதர் எழுதியது போல இல்லை.

பிறகு நானே எழுதிவிடலாம் என்று தோன்றியது. இங்கே படகுகள் முறைப்படி போகும், எல்லாப் படகும் ஒன்றுதான், வருகிறவர்கள் வரிசையில் முதலில் நிற்கும் படகில் ஏறினால் எங்களுக்கு உதவியாக இருக்கும் என்று நிதானமாக எழுதினேன். எழுதி முடித்தால் செயலி நட்சத்திரம் கேட்டது. நட்சத்திரம் போடாமல் அது வாங்கிக்கொள்ளாது. என் ஊருக்கு நான் எத்தனை நட்சத்திரம் போடுவது? ஐந்து போட்டால் அது பொய். எங்கள் முகத்துவாரம் தூர்ந்துகொண்டிருக்கிறது, தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டிருக்கிறது. மூன்று போட நான் யார்? பிறந்த இடத்துக்கு மதிப்பெண் போடுகிற விரல் எனக்கு இல்லை. எழுதியதை அனுப்பாமலே மூடினேன். இவ்வளவு பேர் இவ்வளவு எளிதாகச் செய்கிற ஒன்றை என்னால் செய்ய முடியவில்லை.

அமாவாசை நெருங்கியது. ஒருநாள் நான் கல்லூரியிலிருந்து வரும்போது படகு கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தது. நைனா உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நீலத் தூள் அவர் கை, மார்பு, புருவம் எல்லாவற்றிலும் படிந்திருந்தது. பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் டப்பா. அதைச் சித்தப்பா கொடுத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அவர் படகுக்கு அடித்த மிச்சம்.

"நைனா, வேணாம்" என்றேன்.

"ஏம்மா?"

"இன்னும் ஏதாச்சும் வழி பார்க்கிறேன். மேடம்கிட்ட கேக்கிறேன்."

"கலரு தானே. போட்டு அதே போட்டு தான்."

"அவங்க உங்களப் பத்தி நல்லதாத்தான் எழுதியிருக்காங்க."

தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லதா எய்துனா மட்டும் போதுமா? என் தம்பி கயித்த கையில பிடிச்சிக்கினு நின்னானே, அத்த யாரு எய்துவாங்க?"

அம்மா கடையிலிருந்து வந்தாள். படகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஊரு சொல்லுச்சின்னு பொண்ணு கேட்ட கலர அழிப்பியா? நீயெல்லாம் ஆம்பளையா?" என்று ஆரம்பித்து, கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். நைனா தேய்த்துக்கொண்டே இருந்தார். கத்தி ஓய்ந்ததும் அவளே போய் இன்னொரு உப்புத்தாளை எடுத்து மறுபக்கம் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். நான் வாங்கவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். பொழுது சாயும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அந்த அமாவாசையில் நைனாவின் பாடு அவரிடமே இருந்தது. மழைக்காலத்தில் இறாலும் ஓடியது. சித்தப்பா பழையபடி எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணி, கொயம்பு இருக்குதா?" என்று கேட்டு வாங்கிப் போனார். சவாரி வரிசையில் இப்போது எல்லாப் படகும் வெள்ளை. வருகிறவர்கள் கைபேசியை நீட்டி இப்படியும் அப்படியும் பார்ப்பார்கள். "அந்த போட்டு இப்ப இல்லீங்க" என்று யாராவது சொல்வார்கள். சில சமயம் நைனாவே சொல்வார்.

ஆய்வேட்டில் நைனாவைப் பற்றி வந்த ரிவியூக்களைச் சேர்க்கவில்லை. பேராசிரியை கேட்டார், பாராட்டு மொழி என்ற பகுதி ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறது என்று. போதுமான தரவு கிடைக்கவில்லை என்றேன். தமிழ்த் துறையிலேயே நல்ல மதிப்பெண் எனக்குத்தான். அம்மா சாக்லேட் வாங்கி ஏலக்கூடம் முழுக்கக் கொடுத்தாள், ஆள் பிடிக்கிறேனா என்று கேட்டவளுக்கு மட்டும் இரண்டாக.

நீலப் படகு போன பிறகும் ரிவியூக்கள் வந்துகொண்டிருந்தன. "புளூ போட் அங்கிளைத் தேடிப் போனோம். இல்லை. ஏமாற்றம்." இரண்டு நட்சத்திரம். "ரிவியூவை நம்பிப் போகாதீர்கள்." ஒரு நட்சத்திரம். இல்லாத ஒருவருக்காக எங்கள் ஏரியின் நட்சத்திரம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் அந்தச் செயலியையே கைபேசியிலிருந்து எடுத்துவிட்டேன். வழி கண்டுபிடிக்க அது வேண்டியிருந்ததால் மறுபடி போட வேண்டி வந்தது.

இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கம்பெனிப் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் வருகிற பெண் மதுரைப் பக்கத்துக்காரி, விடுதியில் தங்கியிருக்கிறாள். போன வாரம் கைபேசியை என் பக்கம் திருப்பினாள்.

"ஏங்க, இது உங்க ஊருதானே? ஞாயித்துக்கெழம நாங்க நாலு பேர் போலாம்னு இருக்கோம். இங்க ஒரு புளூ போட் அங்கிள் இருக்காராமே, ரொம்ப நல்லவராம். உங்களுக்குத் தெரியுமா?"

திரையில் நைனா இருந்தார். பாதி முகம் வெயிலில். பின்னால் என் கல்லூரிச் சீருடையின் நீலம்.

வாய்வரை வந்தது. அவர் யார், அந்த நீலம் யார் கேட்டது, அந்தப் பையன் தண்ணீரில் கையை விட்டபோது அவர் ஏன் சிரித்தார் என்று எல்லாம். சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை துறையில் இறங்கி நேராக அவரிடம் போவாள். என் பெயரையும் சொல்வாள். திரும்பி வந்து எழுதுவாள். நல்ல பெண், நன்றாகத்தான் எழுதுவாள்.

"அப்படி யாரும் இல்லீங்க" என்றேன். "எந்த போட்டு மொதல்ல நிக்குதோ அதுல ஏறுங்க."

"எல்லாம் ஒண்ணுதானா?"

"எல்லாம் ஒண்ணுதான்."

அவள் கைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வேறு இடம் தேட ஆரம்பித்தாள். பேருந்து தொழிற்பேட்டை வளைவில் திரும்பியது. சன்னலைக் கொஞ்சம் திறந்தேன். தென்மேற்கிலிருந்து கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் காற்றில் நைனா இன்று தெற்கே போயிருக்க மாட்டார்.